டிடிபி பயோடேட்டாவை ஓரம் வையுங்கள்: ரெசியூமை நீங்களே எழுதும் முறை

டிடிபி சென்டரில் போய் "ஒரு பயோடேட்டா அடிச்சுத் தாங்க" என்றால் ஐந்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். முன்பு யாருக்கோ அடித்த ஃபைலைத் திறந்து, பெயர், அப்பா பெயர், மதிப்பெண் ஆகியவற்றை மட்டும் மாற்றி பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள். 'கேரியர் அப்ஜெக்டிவ்' என்ற பத்தியும், கேரம் விளையாடுவது என்ற ஹாபியும், கடைசியில் வரும் உறுதிமொழியும் அந்த யாரோ ஒருவருடையவை. வடசேரியில் அடித்தாலும் மார்த்தாண்டத்தில் அடித்தாலும் பத்தி ஒன்றுதான். ஒரே வேலைக்கு இருபது பேர் இதே தாளை அனுப்பினால், எடுத்துப் பார்க்கிறவருக்குப் பெயரைத் தவிர வித்தியாசம் தெரியாது.

அதனால் முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை, நோட்டில். வேலை விளம்பரத்தை எடுத்து, அதில் கேட்டிருப்பதை மூன்றாகப் பிரியுங்கள். இது இல்லையென்றால் கூப்பிடவே மாட்டார்கள் என்பவை: சான்றிதழ், லைசென்ஸ், இத்தனை வருட அனுபவம். இருந்தால் நல்லது என்பவை: கூடுதல் மொழி, சாஃப்ட்வேர். மூன்றாவது, எல்லா விளம்பரத்திலும் வரும் 'டைனமிக்', 'ஹார்ட் ஒர்க்கிங்' வகையறா. முதல் வகைக்கான பதில் முழுவதும் ரெசியூமின் மேல் பாதியில் கண்ணில் பட வேண்டும். மூன்றாவது வகையை மறந்துவிடுங்கள். கடும் உழைப்பாளி என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வதை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

விளம்பரத்தில் என்ன சொல் இருக்கிறதோ அதே சொல்லை எழுதுங்கள். வேலைத் தளங்களில் ஆள் தேடுகிறவர்கள் சொல்லைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். அவர்கள் 'டேலி பிரைம்' என்று தேடும்போது உங்கள் தாளில் 'அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்' என்றிருந்தால் நீங்கள் அந்தப் பட்டியலிலேயே வர மாட்டீர்கள்.

எந்தப் பக்கம் அனுப்புகிறீர்கள்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரே ரெசியூம் போதாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. நாகர்கோவிலில் அக்கவுண்டன்ட் வேலை, திருவனந்தபுரம் மருத்துவமனையில் நர்ஸ் வேலை, கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் ஐடி வேலை, சென்னை, பெங்களூரு, கல்ஃப் என்று ஒரே வீட்டிலிருந்து நாலு பக்கம் விண்ணப்பம் போகும். ஒவ்வொரு பக்கமும் பார்ப்பது வேறு.

திருவனந்தபுரத்துக்கு அனுப்பும்போது மொழி வரி முக்கியம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பலருக்கு மலையாளம் சரளமாக வரும். ஆனால் படிக்க வராது. 'மலையாளம்' என்று மட்டும் எழுதாமல், 'பேச, புரிந்துகொள்ள முடியும்' என்று உள்ளபடி எழுதுங்கள். நோயாளியிடமோ வாடிக்கையாளரிடமோ பேசுகிற வேலைக்கு அதுவே போதும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். தினமும் ரயிலில் போய்வரப் போகிறீர்களா, அங்கேயே தங்கப் போகிறீர்களா என்ற கேள்வி கட்டாயம் வரும். முகவரிக்குக் கீழே அதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் தூரத்தைப் பார்த்துத் தள்ளிவைப்பது குறையும்.

சென்னை, பெங்களூரு ஐடி நிறுவனங்களுக்குப் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், மதம், சாதி, திருமணமானவரா என்ற விவரம் எதுவும் தேவையில்லை. உறுதிமொழியும் கையெழுத்தும் வேண்டாம். கல்ஃபுக்கு நேர்மாறு: போட்டோ, பிறந்த தேதி, பாஸ்போர்ட் எந்த மாதம் வரை செல்லும், ஈசிஆரா (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) ஈசிஎன்ஆரா (அது தேவைப்படாதது), அங்கே முன்பு வேலை பார்த்திருந்தால் எந்த நாடு, எத்தனை வருடம், இதெல்லாம் முதல் பக்கத்திலேயே கேட்பார்கள். பாஸ்போர்ட் எண்ணையும் ஆதார் எண்ணையும் மட்டும் ரெசியூமில் போடாதீர்கள். அந்தத் தாள் எத்தனை வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் என்று உங்களுக்குத் தெரியாது. ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகு அந்த எண்களைத் தனியாகக் கொடுக்கலாம்.

பெயரும் போனும்

இனிஷியல் வைக்கும் நம் வழக்கம் வெளியே போகும்போது குழப்பும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ராஜேஷ் எம்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து நீளமாக, வங்கியில் 'எம். ராஜேஷ்' என்று மூன்று விதமாக இருக்கும். உள்நாட்டு வேலைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி, வெளிநாட்டுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. எழுத்துக்கு எழுத்து.

போன் எண்ணுக்கு முன்னால் 91 சேருங்கள். மின்னஞ்சல் முகவரி பெயரும் இனிஷியலுமாக இருக்கட்டும். பள்ளியில் படிக்கும்போது விளையாட்டாகத் தொடங்கிய ஐடியை வேலைக்குக் கொடுக்காதீர்கள். முகவரிக்கு ஊர், மாவட்டம், பின்கோடு போதும். கதவு எண்ணும் தெருவும் நியமன உத்தரவு வரும்போது கொடுத்தால் போதும்.

பெயருக்குக் கீழே 'கேரியர் அப்ஜெக்டிவ்' இருந்த இடத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: என்ன வேலை தெரியும், எத்தனை வருடம், எந்த இடத்தில், கையில் என்ன சான்றிதழ். 'ஐடிஐ ஃபிட்டர், 4 வருட அனுபவம், அதில் 3 வருடம் ஆரல்வாய்மொழி காற்றாலைகளில் பராமரிப்பு' என்பது ஒரு முழுப் பத்தி அப்ஜெக்டிவை விட அதிகம் சொல்கிறது.

அனுபவம்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

ரெசியூம் ஆங்கிலத்தில்தான் போகும். புரிவதற்காக இங்கே தமிழில். ஜவுளிக் கடையில் கணக்குப் பார்த்த ஒருவர் வழக்கமாக எழுதுவது இது: 'கணக்கு வேலைகள் அனைத்தையும் பார்த்தேன். டேலி தெரியும்.' அதே வேலையை இப்படி எழுதலாம்:

'கணக்கர், ஜவுளிக் கடை, நாகர்கோவில், 2021 ஜூன் – 2024 மார்ச்.
டேலி பிரைமில் தினமும் 120 முதல் 150 விற்பனை பில் சரிபார்ப்பு.
ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு மாதக் கணக்கைத் தயாரித்து ஆடிட்டரிடம் கொடுத்தது.
40 சப்ளையர் கணக்குகள், 2 வங்கிக் கணக்குகள்: மாதம் ஒருமுறை ஒத்துப் பார்த்தல்.'

150 பில் என்றதும் கடையின் அளவு தெரிகிறது. 'தயாரித்து ஆடிட்டரிடம் கொடுத்தது' என்பதில் ரிட்டர்னை நீங்களே தாக்கல் செய்யவில்லை என்பதும் தெரிகிறது. இது குறை இல்லை. 'ஜிஎஸ்டி ஃபைலிங் செய்தேன்' என்று எழுதிவிட்டு, இன்டர்வியூவில் போர்ட்டலின் எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்று கேட்டால் திணறுவதுதான் குறை.

எண்கள் நினைவில் இல்லையா? பில் புத்தகத்தில் மாதத்தின் கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து, வேலை நாட்களால் வகுங்கள். வார்டில் எத்தனை கட்டில், ஷிப்டில் எத்தனை பேர், ஒரு நாளில் எத்தனை வண்டி சர்வீஸ் என்று எண்ணிப் பார்த்தால் எந்த வேலையிலும் ஓர் எண் கிடைக்கும். இணையத்தில் உள்ள மாதிரிகளைப் பார்த்து 'விற்பனையை 30 சதவீதம் உயர்த்தினேன்' என்று மட்டும் எழுதாதீர்கள். எதிலிருந்து எதுவரை, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

நர்ஸ்களுக்கு வார்டு வாரியாகப் பிரிப்பது அவசியம். 'ஸ்டாஃப் நர்ஸ், 3 வருடம்' என்பது போதாது. 'ஐசியூ 14 மாதம், 10 கட்டில். மெடிக்கல் வார்டு 22 மாதம், 30 கட்டில்' என்று எழுதினால்தான் எந்த இடத்தில் போடலாம் என்று அவர்களால் முடிவுசெய்ய முடியும். மருத்துவமனையில் மொத்தம் எத்தனை கட்டில், என்ஏபிஎச் என்ற மருத்துவமனைத் தர அங்கீகாரம் உண்டா, வென்டிலேட்டரும் இன்ஃபியூஷன் பம்பும் நீங்களே கையாண்டீர்களா என்பதும் வேண்டும். நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணை மேலே எழுதுங்கள். கேரளக் கவுன்சிலிலும் பதிவு இருந்தால் திருவனந்தபுரத்துக்கு அனுப்பும் தாளில் அதுதான் முதலில். பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் என்ற உயிர்காக்கும் அவசர சிகிச்சைப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் காலாவதி தேதியோடு எழுதுங்கள். காலாவதியானதை எழுதாமல் விடுவது மேல்.

வெல்டர்கள் பெரும்பாலும் 'ஆல் டைப் வெல்டிங்' என்று எழுதுகிறார்கள். கல்ஃப் கம்பெனியில் ஆளெடுப்பவருக்கு அந்தச் சொல் ஒன்றும் சொல்லாது. எந்த முறை, எந்த பொசிஷன், எந்த உலோகம், எத்தனை இன்ச் பைப் என்ற நாலும் வேண்டும்: '6ஜி பொசிஷன், கார்பன் ஸ்டீல் பைப், 2 முதல் 12 இன்ச், டிக் ரூட், ஆர்க் ஃபில்லிங், கேப்பிங், எக்ஸ்ரே டெஸ்ட் உள்ள ஜாயின்ட்'. ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்புக்கு, போயிருந்தால் எந்த வகை ஆலை, எத்தனை நாள் என்று தனி வரியாக. காற்றாலை டெக்னீஷியன் என்றால் எத்தனை காற்றாலை, எத்தனை கிலோவாட், டவர் எத்தனை மீட்டர், உயரத்தில் வேலை செய்யும் பயிற்சிச் சான்றிதழ் உண்டா.

சொந்தக்காரர் கடையில் நின்றது, ரப்பர் நர்சரியில் வேலை பார்த்தது, கல்யாணக் கேட்டரிங்குக்குப் போனது எல்லாம் அனுபவம்தான். சம்பளச் சீட்டு இல்லை என்று விட வேண்டாம். இடம், காலம், என்ன வேலை, விசாரிக்க ஒரு போன் எண் தயாராக இருந்தால் போதும். எண்ணுக்கு உரியவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படிப்பும் இடைவெளியும்

கடைசியாகப் படித்தது முதலில் வரட்டும். மதிப்பெண்ணைச் சதவீதமாகவே எழுதுங்கள். பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 2019 தேர்விலிருந்து 600, அதற்கு முன் 1200. வெறும் '510' என்று எழுதினால் வெளிமாநிலத்துக்காரருக்கு அது நல்ல மார்க்கா மோசமான மார்க்கா என்று தெரியாது. அரியர் இருந்தால் கேட்ட இடத்தில் மறைக்காதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் ஒருநாள் வெளியே வரும், அப்போது கிடைத்த வேலையும் போகும்.

கல்லூரியிலிருந்து புதிதாக வருகிறவர்கள் புராஜெக்ட் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறார்கள். நாலு பேர் குழுவில் நீங்கள் எந்தப் பகுதியைச் செய்தீர்கள், எந்த மொழியில், எந்த சென்சார் வைத்து என்று இரண்டு வரி எழுதுங்கள். புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது என்றால், எழுதும் முன் உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்ளுங்கள். அதில்தான் முதல் கேள்வி விழும்.

டிஎன்பிஎஸ்சிக்கு இரண்டு வருடம் படித்த இடைவெளியை மறைக்க முன்வேலையின் தேதியை நீட்டுகிறார்கள். வேண்டாம். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதிவாகியிருக்கும். 'போட்டித் தேர்வுத் தயாரிப்பு' என்று மாதமும் வருடமும் போட்டு ஒரு வரி எழுதினால் முடிந்தது. பிரசவம், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டது எதுவானாலும் ஒரு வரிதான். விளக்கம் கேட்டால் நேரில்.

ஃபைல்

ஏ4 தாள், நாலு பக்கமும் 2 செ.மீ. ஓரம், எழுத்து 11 பாயின்ட், பெயர் மட்டும் 16. ஐந்து வருட அனுபவம் வரை ஒரு பக்கம், அதற்கு மேல் இரண்டு. பார்டர், நட்சத்திரம் போட்டுத் திறமையைக் காட்டுவது, தாளை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் கலர் டெம்ப்ளேட் எதுவும் வேண்டாம். பெரிய நிறுவனங்களில் ரெசியூமை முதலில் சாஃப்ட்வேர் படிக்கிறது. கட்டங்களுக்குள்ளும் தாளின் தலைப்புப் பகுதியிலும் இருப்பதை அது சில சமயம் விட்டுவிடும், அல்லது வரிசை மாற்றிப் படிக்கும். போன் எண் அங்கே இருந்தால் போச்சு.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பிடிஎஃப் ஃபைலைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டுங்கள். மேலிருந்து கீழாகச் சரியாகப் படிக்க முடிந்தால் சரி. வரிகள் குழம்பினால் கட்டங்களை எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது பிரிண்டை ஸ்கேன் செய்த படம். அந்த சாஃப்ட்வேருக்குப் பல சமயம் வெற்றுத்தாள்தான். உள்ளூர் வேலைக்குத் தமிழில் எழுதுகிறவர்கள் பாமினி எழுத்துருவில் அடித்து வேர்டு ஃபைலாக அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் கந்தலாகத் தெரியும். யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள்.

ஃபைலின் பெயரில் உங்கள் பெயர், வேலை, வருடம் இருக்கட்டும். 'நியூ ரெசியூம் ஃபைனல் 2' என்ற பெயரில் அவர்களிடம் ஏற்கெனவே பல ஃபைல் கிடக்கும்.

அனுப்பும்போது

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோ சுருங்கி எழுத்து மங்கிவிடும். மின்னஞ்சலில் பொருள் வரியை வெறுமையாக விடாமல் வேலையின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதி, உள்ளே நாலு வரி: எந்த விளம்பரம், உங்களிடம் உள்ள முக்கியத் தகுதி, எப்போது சேர முடியும், போன் எண். சம்பளம் கேட்காதபோது சொல்ல வேண்டாம்.

எந்த இடத்துக்கு எந்தத் தேதியில் எந்த ரெசியூமை அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று வாரம் கழித்து 0471 என்றோ 971 என்றோ தொடங்கும் எண்ணிலிருந்து அழைப்பு வந்து, "உங்க ரெசியூம்ல இப்படிப் போட்டிருக்கே" என்று கேட்கும்போது, அவர்கள் கையில் இருக்கும் அதே தாள் உங்கள் முன்னாலும் இருக்க வேண்டும்.