இருட்டில் கேமராவைத் திட்டும் முன்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை, 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. ஊர் விளக்குகளைத் தாண்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் போனால் நல்ல இருட்டு. அந்த இருட்டில் ஒரு பழைய கேமராவையும் அதோடு வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸையும் வைத்துக்கொண்டு நான் செய்யாத தவறில்லை.

முதலில் கோயில் திருவிழா. ரதம் தூரத்தில் வரும்போதே ஜூம் செய்து எடுத்தேன், எல்லாம் ஆடிப்போயின. இந்த லென்ஸ் 18இல் எஃப் 3.5 வரை திறக்கும், 55க்கு இழுத்தால் 5.6தான்; எஃப் எண் கூடினால் லென்ஸின் வாய் சிறுக்கும். வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும், கை நடுக்கமோ பெரிதாகத் தெரியும். ஜூமை விட்டுவிட்டு நாலு எட்டு முன்னால் போய் நில்லுங்கள். ரதத்தின் விளக்குகள் வெள்ளைத் திட்டாக வெளுத்துப்போனால், சுற்றியிருக்கும் இருட்டைப் பார்த்துக் கேமரா ஏமாந்துவிட்டது என்று அர்த்தம். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 1க்கு இறக்கிப் பாருங்கள், அம்மன் முகம் தெரியும். கேமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றவும் பயப்பட வேண்டாம். அதனால் புள்ளி விழுந்த படத்தை ஓரளவு தேற்றலாம், ஆடிய படத்தைத் தேற்ற முடியாது.

அப்புறம் நட்சத்திரம். குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்து நானும் துருவ நட்சத்திரத்தைத் தேடினேன். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு மூன்றரை பாகை வடக்கில். அது அடிவானத்தை ஒட்டி, செம்பனை ஓலைக்குப் பின்னால் கிடக்கும். தெற்கே திரும்புங்கள், ஜூன் முதல் ஆகஸ்டு வரை பால்வெளியின் தடித்த பகுதி அங்கேதான் உயரும். நட்சத்திரம் கோடாக இழுபடாமல் இருக்க ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்பதற்கு, 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்து வரும் வினாடி என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். படத்தைப் பதியும் சென்சார் சிறியது என்றால் 18ஐ 27 ஆகக் கொள்ள வேண்டும். பதினெட்டு வினாடி வரும். நம் உச்சியைக் கடக்கும் நட்சத்திரங்கள் வேகமாக நகர்பவை, அதனால் நான் 15ஐத் தாண்டுவதில்லை.

ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருகினால் முடிவிலி (மிகத் தொலைவு) என்று நினைத்து ஓர் இரவையே வீணாக்கினேன். இந்த லென்ஸ்கள் அதையும் தாண்டிச் சுழலும். ஆட்டோ ஃபோகஸை அணைத்து, தூரத்து ஆலை விளக்கைத் திரையில் பெரிதாக்கி, அது சின்னப் புள்ளியாகும் வரை திருகுங்கள். டிரைபாட்டில் வைத்தாலும் பொத்தானை அழுத்தும் விரல் அசைக்கும். 2 வினாடி டைமர் போதும்.

ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படரும். துடைக்கத் துடைக்கத் திரும்பப் படரும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

ஆற்றோரக் கம்போங் குவாந்தான் மின்மினிகளுக்கு ஃபிளாஷ் கூடவே கூடாது. ஆடும் சம்பான் படகில் டிரைபாட்டும் உதவாது.

செம்பனையில் எலி உண்டு, எலியைத் தேடி நாகம் வரும். பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், தோட்டத்துக் காவல்கார ஜாகா அண்ணனிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.