டெல்டாவில் இருந்து போஸ்ட்டாக்: முதல் விண்ணப்பம் போடுவது எப்படி?

திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி பக்கம் இயற்பியல், வேதியியல், கணினிவழி அறிவியலில் பிஎச்டி முடித்து, அடுத்து போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிறகு சில ஆண்டுகள் செய்யும் ஆராய்ச்சிப் பணி) தேடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வைவா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கோட்பாட்டு இயற்பியலிலும் வானியலிலும் வெளிநாட்டு இடங்கள் பலவற்றுக்கு செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் விண்ணப்பம் வாங்கிவிடுவார்கள்; சேர்வது அடுத்த ஆண்டில்தான்.

1. இடம் தேடுங்கள்
'அகாடமிக் ஜாப்ஸ் ஆன்லைன்' தளம் எல்லோருக்கும் பொது. துகள் இயற்பியலுக்கு 'இன்ஸ்பயர்' (INSPIRE-HEP) தளம். சென்னை தரமணி ஐஎம்எஸ்சி (IMSc), பெங்களூரு ஐசிடிஎஸ் (ICTS) போன்ற ஆராய்ச்சி நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே அறிவிக்கும்.

2. சான்றிதழ்களை இப்போதே வாங்குங்கள்
மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப் (ANRF) தரும் தேசிய போஸ்ட்டாக் பெல்லோஷிப் 2 ஆண்டுக்கானது. தீசிஸ் சமர்ப்பித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு 35. எஸ்சி, எஸ்டி, ஓபிசி, பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. நம் ஊரில் பலரிடம் மாநில அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ்தான் இருக்கும். மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் இன்றே பதிந்துவிடுங்கள்.

3. பேராசிரியருக்கு மெயில்
நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். 'மதிப்பிற்குரிய ஐயா, ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றை முழுதாகப் படியுங்கள். பிறகு இப்படி எழுதலாம் (ஆங்கிலத்தில்தான், சாரம் இதுதான்):

"மாலிப்டினம் டைசல்பைடு மேல் அம்மோனியா ஒட்டுவதை குவாண்டம் எஸ்பிரெசோ மென்பொருளில் கணக்கிட்டிருக்கிறேன். ஈரக் காற்றில் உங்கள் சென்சார் தடுமாறுவதாகக் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். தண்ணீர் மூலக்கூறையும் சேர்த்து அந்தக் கணக்கைச் செய்ய விரும்புகிறேன்."

மூன்றே வரி. உங்களுக்கு என்ன தெரியும், அவருக்கு அது எங்கே உதவும் என்று இரண்டும் வந்துவிட்டன. சிவியை பிடிஎஃப் ஆக இணையுங்கள். நிரல் எழுதியிருந்தால் கிட்ஹப் முகவரியும் கொடுங்கள். திருச்சி என்ஐடியில் 838 டெராஃபிளாப் திறனுள்ள 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் 2022 முதல் இயங்குகிறது. அதில் கணக்கு ஓட்டியிருந்தால், எத்தனை கோர் (பிராசசர்) பயன்படுத்தினீர்கள், ஸ்கிரிப்ட் நீங்களே எழுதியதா என்பதையும் சிவியில் சேருங்கள். கணினிவழி ஆட்களை எடுப்பவர்கள் அதைத்தான் தேடிப் பார்ப்பார்கள்.

4. சிபாரிசுக் கடிதங்கள்
பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். ஒன்று கைடு. இன்னொன்று உங்கள் கல்லூரிக்கு வெளியே, உங்களோடு சேர்ந்து கட்டுரை எழுதியவராக இருந்தால் நல்லது. "நீயே எழுதிக் கொண்டுவாப்பா, கையெழுத்துப் போடுறேன்" என்று சார் சொன்னால், கடிதத்துக்குப் பதிலாக நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுங்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். கடிதத்தைப் பதிவேற்றும் லிங்க் நேராக அவர்கள் மெயிலுக்குத்தான் போகும், ஸ்பாம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

5. பதில் வராவிட்டால்
இரண்டு வாரம் கழித்து, அதே மெயிலின் கீழேயே இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் சரி, அடுத்தவரின் கட்டுரையை எடுத்துப் படியுங்கள்.