ஆர்யூ 28362: எலி மூளை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராதனையில் ஆய்வுக்காக எலிக்கூண்டுகளோடு மல்லுக்கட்டும் நம் மலையகத்துத் தம்பி தங்கைமாருக்காக இதை எழுதுகிறேன். மன அழுத்த ஓமோன் மூளையில் என்ன செய்கிறது என்று தேடத் தொடங்கினால், சீக்கிரமே ஆர்யூ 28362 என்ற பெயர் கண்ணில் படும். பிரான்சின் ரூசெல் உக்லாஃப் கம்பனி உருவாக்கிய செயற்கை ஸ்டீரொய்ட் இது. ஓமோன் வந்து பற்றும் புரதத்தை வாங்கி என்பார்கள்; மன அழுத்த ஓமோனுக்கு அப்படி இரண்டு வகை உண்டு. இது குளுக்கோகோர்ட்டிகொய்ட் வாங்கியைத் தூண்டும். மினரலோகோர்ட்டிகொய்ட் வாங்கியை அநேகமாகத் தொடாது. அதனால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு.

ஆனால் மருந்து குறி தவறாது என்பதற்காகப் பரிசோதனையும் குறி தவறாது என்று நம்பிவிடாதீர்கள். எலியின் இரத்தத்தில் அதன் சொந்த மன அழுத்த ஓமோனான கோர்ட்டிகோஸ்டீரோன் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது மினரலோ வாங்கியை, குளுக்கோ வாங்கியைவிடச் சுமார் 10 மடங்கு இறுக்கமாகப் பற்றும். எலி அமைதியாக இருக்கும்போது, நினைவுக்கு உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் அந்த வாங்கிகளே பெரும்பாலும் நிறைந்திருக்கும். பயந்தால் ஓமோன் ஏறி, குளுக்கோ வாங்கிகளையும் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் ஊசி போட்டு என்ன வித்தியாசத்தைக் காணப்போகிறீர்கள்?

இதைத் தவிர்க்கத்தான் பலர் அந்த ஓமோனைச் சுரக்கும் அதிரீனல் சுரப்பிகளை அகற்றிவிடுகிறார்கள். சரி, ஆனால் அதோடு உடம்பில் உப்பைத் தக்கவைக்கும் அல்டொஸ்டெரோன் ஓமோனும் போய்விடும். சோடியம் சிறுநீரில் வெளியேறும். குடிக்க 0.9 சதவீத உப்புநீர் வைக்க மறந்தால் எலி செத்துப்போகும், பழி மருந்தின்மேல் விழும்.

சுரப்பியை விட்டுவைத்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். எலி இரவுப் பிராணி. இருள் தொடங்கும் நேரத்தில் அதன் ஓமோன் உச்சத்துக்குப் போகும். காலையில் ஒரு குழு, பின்னேரம் இன்னொரு குழு என்று ஊசி போட்டால் நீங்கள் அளப்பது நேரத்தைத்தான். நம் பக்கம் ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி முழங்கும், கரண்டும் போகும். விளக்கு டைமர் பின்தங்கிவிட்டதா என்று மறுநாள் பாருங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள். கூண்டைத் தொட்டதிலிருந்து 3 நிமிடத்துக்குள் இரத்தம் எடுத்துவிட வேண்டும். கைக்குப் பழகாத எலியிடம் எடுத்த அளவை நான் நம்பமாட்டேன்.

இந்த ஸ்டீரொய்ட் தண்ணீரில் சரியாகக் கரையாது. எதனோல் சேர்த்தால், கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே அளவு எதனோல் போக வேண்டும்.

'கிடைக்காவிட்டால் டெக்ஸாமெதசோன் போடலாமே, ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது' என்பது அடிக்கடி கேட்கும் யோசனை. அதுவும் குளுக்கோ வாங்கியைத் தூண்டும் செயற்கை ஸ்டீரொய்ட்தான். இங்கேதான் பெரிய குழி. குறைந்த அளவில் உடம்பில் ஏற்றிய டெக்ஸாமெதசோனை, இரத்த மூளைத் தடுப்பிலுள்ள பி-கிளைகோபுரதம் வெளியே தள்ளிவிடும். ஆனால் டெக்ஸாமெதசோன் அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வேலை செய்து, எலியின் சொந்த ஓமோனைக் குறைக்கும். மூளைக்குள் மினரலோ வாங்கிகள்கூட காலியாகும். நீங்கள் 'ஓமோன் கூடிய மூளை' என்று எழுதுவது, உண்மையில் ஓமோன் வற்றிய மூளை.

அவசரமும் ஆகாது. குளுக்கோ வாங்கி பெரும்பாலும் கலத்தின் கருவுக்குள் போய் மரபணுக்களின் செயற்பாட்டை மாற்றித்தான் வேலை செய்கிறது. மூளைத் துண்டில் மருந்தை ஊற்றிப் பத்து நிமிடத்தில் மின்பதிவைப் பார்த்துவிட்டு விளைவில்லை என்று எழுதாதீர்கள். ஒரு மணித்தியாலமாவது பொறுங்கள்.

குளிரூட்டியில் ஆர்யூ 486-உம் இருந்தால் குப்பியின்மேல் முழு எண்ணையும் எழுதுங்கள். அதுவும் அதே கம்பனியினதுதான், ஆனால் குளுக்கோ வாங்கியை மறிக்கும் மருந்து. புரோஜெஸ்டரோன் வாங்கியையும் சேர்த்தே மறிக்கும்.