செயின்ட் லூசியா போகிறீர்களா? முதல் மூன்று ராத்திரி சூஃப்ரியேரில் தங்குங்கள்

கரீபியன் கடலில் இருக்கிற செயின்ட் லூசியா தீவுக்குப் போகிற பலரும் ஒரு வாரத்துக்கும் வடக்கே ராட்னி பேயில் அறை போட்டுவிடுகிறார்கள். ஹோட்டல்கள் அங்கேதான் அதிகம், சரி. ஆனால் பார்க்க ஆசைப்பட்டுப் போகிற அந்த இரட்டை மலைகள், பிட்டன்கள், தென்மேற்கே சூஃப்ரியேர் பக்கம் இருக்கின்றன. தீவின் நீளம் 43 கிலோமீட்டர்தான், இருந்தாலும் மலைச்சாலை வளைந்து வளைந்து போவதால் ராட்னி பேயிலிருந்து அங்கே போகவே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, அதே வழியில் திரும்பவும் வர வேண்டும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நீண்ட தூர விமானங்கள் இறங்குகிற ஹெவனோரா விமான நிலையம் தெற்கு முனையில் இருக்கிறது, அங்கிருந்து நேரே சூஃப்ரியேர் போய்விடுங்கள். மறுநாள் விடிந்ததும் இரட்டை மலைகளில் உயரமான க்ரோ பிட்டன் ஏறலாம். வழிகாட்டி இல்லாமல் ஏறக் கூடாது. ஃபான் ஜான் லிப்ர் என்ற அடிவாரக் கிராமத்தில் கிடைப்பார்கள். ஏறி இறங்க நான்கைந்து மணி நேரம், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும். பக்கத்தில் இருக்கும் பெட்டி பிட்டன் உயரம் குறைவு என்று நம்பி அதில் ஏறாதீர்கள், அது இதைவிடச் செங்குத்து.

அன்று சாயங்காலமே சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் போய்விடுங்கள். மலை ஏறிய காலுக்கு அந்தச் சுடுசேற்றுக் குளியல் போல வேறு எதுவும் இல்லை! பழைய நீச்சல் உடை போதும், வெள்ளி நகையைக் கழற்றி வைத்துவிடுங்கள், கந்தகம் பட்டால் கறுத்துவிடும். மூன்றாம் நாள் பிட்டன்களுக்கு நடுவே உள்ள கடற்கரை. பின்னால் பெரிய ரிசார்ட் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், இந்தத் தீவில் கடற்கரை எல்லாம் பொதுச்சொத்து.

அப்புறம் வடக்கே போகலாம், வெள்ளிக்கிழமை ராத்திரி அங்கே இருக்கிற மாதிரி நாளைக் கணக்குப் போடுங்கள். அன்றைக்கு க்ரோஸ் ஐலெட்டில் தெருவே திருவிழாவாகிவிடும், சுட்ட மீனும் பாட்டுமாக, உள்ளூர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் ஒன்றாக ஆடுவார்கள். மறுநாள் பக்கத்திலேயே பிஜன் ஐலண்ட் கோட்டை.

பணம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இங்கே கிழக்குக் கரீபியன் டாலர்தான் நாணயம், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் மாறாமல் இருக்கிறது. டாக்ஸியில் மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசுங்கள், எந்த டாலர் என்பதையும் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு வித்தியாசம் வந்து நிற்கும். பகலில் மினிபஸ் மலிவு, ராத்திரியில் அதை நம்ப முடியாது.

டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம், அப்போது போனால் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி முன்பதிவு செய்யுங்கள். ராணுவ உடை மாதிரித் துணி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், குழந்தைகள் உடுப்பாக இருந்தாலும் சரி, இங்கே அது சட்டவிரோதம். கடற்கரையில் பச்சை ஆப்பிள் போலச் சின்னக் காய் காய்க்கும் மாஞ்சினீல் மரத்தடியில் மழைக்குக்கூட ஒதுங்காதீர்கள், இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பட்டாலே தோல் கொப்பளித்துவிடும்.