மொறிஸ் மைனருக்கு றேடியோ தேடும்போது விடுகிற பிழைகள்

போன மாதம் மல்லாவியிலிருந்து ஒரு தம்பி வந்தார். தாத்தாவின் மொறிஸ் மைனர் 1000 ஒன்றைத் திருத்தி, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற எண்ணம். பெயின்ற் முடிந்து, சீற் தைத்து முடிந்து, மிச்சம் றேடியோதான். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய றேடியோ ஒன்றைப் பொலித்தீன் பையில் கொண்டுவந்திருந்தார். "அண்ணை, இதை இண்டைக்கே கொழுவித் தாங்கோ, நாளைக்கு முதல் கல்யாணம்" என்றார். பையைத் திறந்து றேடியோவின் பின்பக்கத்தைப் பார்த்ததும் பத்து வருடத்துக்கு முந்திய ஒரு புகை மணம் என் மூக்கில் ஏறியது.

நான் கிளிநொச்சியில் வாகன வயறிங் வேலை செய்கிறவன். என்னிடமும் ஒரு மைனர் நிற்கிறது. பழைய காருக்கு அந்தக் காலத்து றேடியோவே வேண்டும் என்று வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். எல்லோரும் நான் விட்ட அதே பிழைகளைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல விடுகிறார்கள். பியூஸ் போடாமல் கொழுவாதீர்கள், வயரை முறுக்கி ரேப் சுற்றாதீர்கள் என்பதெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் பொனற்றைத் திறக்காமல் இருப்பது நல்லது.

காருக்கு ஒரு வயது, றேடியோவுக்கு ஒரு வயது

இலக்கத் தகட்டிலிருந்து தொடங்குங்கள். தகட்டில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய ஈஎல், ஈஎன் போன்ற ஆங்கில எழுத்துத் தகடு என்றால், கார் ஐம்பதுகளிலோ அதற்கு முன்போ பதிந்தது. அந்தக் காருக்கு வால்வு (கண்ணாடிக் குழாய்) றேடியோதான் பொருந்தும். ஐம்பதுகளின் கடைசியில் வால்வும் ரான்சிஸ்ரரும் கலந்த செற்றுகள் வந்தன. அறுபதுகளில் முழு ரான்சிஸ்ரர் செற்றுகள் வந்தன. றேடியோமொபைல், எக்கோ, பை (Pye) என்று கொம்பனிப் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பெயரில் மூன்று வகையும் உண்டு.

லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்புகிற செற்றில் பெரும்பாலும் மீடியம் வேவும் லோங் வேவும் இருக்கும். லோங் வேவ் ஒலிபரப்பு ஐரோப்பாப் பக்கத்துச் சங்கதி. நம் பக்கத்தில் அதில் எதுவுமே இல்லை. அந்தப் பட்டன் அழகுக்கு இருக்கட்டும்.

கசெற் செற் காலப் பிழையா என்று கேட்பார்கள். கசெற் என்ற பொருளே 1963இல்தான் வந்தது. ஆகவே கண்காட்சிக்குப் போகிற 1958ஆம் ஆண்டுக் காரில் அது பிழை. ஆனால் எண்பதுகளில் எங்கள் ஊர்க் கார்களில் பாடியது யப்பான் கசெற் செற்தான். கல்யாணக் காரில் அதை ஒருவர் வைத்திருந்தால் நான் வாய் திறக்கமாட்டேன். எனக்கு அதுவும் அந்தக் காரின் காலம்தான்.

ஏர்த்: என் வயறிங்கைத் தின்ற பிழை

பழைய பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவை பொசிற்றிவ் ஏர்த். பற்றறியின் பிளஸ் முனை காரின் இரும்பு உடலோடு சேர்ந்திருக்கும், மைனஸ் வயரில் வரும். இன்றைய வாகனங்களுக்கு நேர் எதிர். மைனர் உற்பத்தி நிற்கும்வரை அப்படியே வந்தது. திருத்த வேலைப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஆனால் புத்தகம் எழுதியவருக்கு வன்னி தெரியாது. தொண்ணூறுகளில் இங்கே போர், பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மைனரும் ஒஸ்ரினும் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிக்க, அந்த டைனமோவில் சின்ன றேடியோவைப் பேசவைத்துச் செய்தி கேட்டோம். அப்படிப்பட்ட காலத்தில், பற்றறிக்குச் சார்ஜ் கொடுக்கிற டைனமோ செத்த காருக்கு, கையில் அகப்பட்ட யப்பான் வாகனத்தின் அல்ரனேற்றரைப் பூட்டினார்கள். அது நெகற்றிவ் ஏர்த் கேட்கும். பற்றறியைத் திருப்பி வைத்து, பிளக்குக்குக் கரண்டை உயர்த்திக் கொடுக்கிற கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றினார்கள், கார் ஓடியது. அந்த மெக்கானிக்குகளை நான் குறை சொல்லமாட்டேன். நோயாளியை ஏற்றிக்கொண்டு காட்டு வழியால் போன கார்கள் அவை. ஒரே குறை, மாற்றியதை ஒருவரும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

முள்ளியவளைப் பக்கம் ஒரு மாமரத்தின் கீழ் நின்ற மைனரை நான் வாங்கியபோது இதையெல்லாம் யோசிக்கவில்லை. கார் பொசிற்றிவ் ஏர்த் என்று புத்தகத்தில் பார்த்தேன். லண்டனில் இருக்கும் மச்சானிடம் அறுபதுகளின் ரான்சிஸ்ரர் றேடியோ ஒன்று கேட்டேன். வந்த செற்றின் பின்தகட்டிலும் பொசிற்றிவ் ஏர்த். பத்துப் பொருத்தமும் சரி என்று நினைத்தேன். கொழுவுவதற்கு முதல் சும்மா மீற்றரை வைத்தால், கார் நெகற்றிவ்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அந்தக் காலத்து ஜேர்மேனியம் ரான்சிஸ்ரர்களை எதிர்ப் பக்கமாகக் கொழுவினால் ஒரு நொடியில் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்த கெட்டிக்காரத்தனம்தான் என்னைக் கெடுத்தது. றேடியோவின் தகரப் பெட்டிதானே அதற்குப் பிளஸ், அந்தப் பெட்டி காரின் இரும்பில் படாமல் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். சைக்கிள் ரியூப்பை வெட்டித் தாங்கியில் சுற்றினேன். நட்டுக்கும் ரியூப் வளையம் போட்டேன். பியூஸ் பெட்டியின் ஏ1 முனையிலிருந்து ஒரு பிளஸ் வயரை எடுத்து றேடியோப் பெட்டியில் பூட்டினேன். றேடியோவோடு வந்த, பியூஸ் உள்ள வயரைக் காரின் இரும்பில் பூட்டினேன். சுவிச்சைப் போட்டதும் றேடியோ இரைந்தது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு ஏரியல் பிளக்கைச் செருகினேன்.

ஏரியல் வயரின் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு பின்னல். அந்தப் பின்னல் ஒரு நுனியில் றேடியோப் பெட்டியோடு சேரும், மற்ற நுனியில் ஏரியல் பூட்டிய மட்காட்டோடு சேரும். பெட்டி பிளஸ், மட்காட் மைனஸ். பற்றறியின் இரண்டு முனையையும் நானே என் கையால் ஒன்றாக்கியிருந்தேன்.

பியூஸ் எரியவில்லை. எரிய நியாயமும் இல்லை, ஏனென்றால் பியூஸ் இருந்த வயர் வழியாக அந்தக் கரண்ட் போகவே இல்லை. ஏ1 என்பது பியூஸுக்கு முந்திய முனை, மண்ணிற வயரில் நேரே பற்றறிக் கரண்ட் வந்து நிற்கிற இடம். நான் இழுத்த வயர் சிவந்து, பக்கத்தில் போன துணி சுற்றிய பழைய வயர்க்கட்டையும் பிடித்துக்கொண்டது. பொனற்றைத் திறந்து, ஸ்பனர் தேடி, பற்றறி முனையைக் கழற்றி முடிக்க டாஷ்போட்டுக்குப் பின்னால் எல்லாம் தார்போல உருகியிருந்தது. புது வயர்க்கட்டு இங்கிலாந்திலிருந்து வர நாலு மாதம் எடுத்தது. றேடியோவின் விலையைப்போல மூன்று மடங்கு காசு. றேடியோவுக்கு ஒரு கீறலும் இல்லை. அது இன்றைக்கும் அலுமாரிக்குள் இருந்துகொண்டு என்னைப் பார்க்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், "பெட்டியைத் தனியாக்கினால் சரி" என்று இன்றைக்கும் ஆளுக்காள் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏரியல் பின்னலைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மீற்றரின் சிவப்பு முனையைப் பியூஸ் பெட்டியில் கரண்ட் உள்ள இடத்தில் வையுங்கள், கறுப்பு முனையைப் பெயின்ற் சுரண்டிய இரும்பில் வையுங்கள். 12 என்று காட்டினால் நெகற்றிவ் ஏர்த், கழித்தல் குறியோடு 12 காட்டினால் பொசிற்றிவ். பற்றறி வயரின் நிறத்தை நம்பாதீர்கள். தடைக்காலத்தில் கிடைத்த நிறம்தான் நிறம். றேடியோவில் தகடு இல்லாவிட்டால் மூடியைத் திறந்து பாருங்கள். சப்ளை பக்கத்தில் இருக்கிற பெரிய எலெக்ரோலிற்றிக் கப்பாசிற்றரின் பிளஸ் பக்கம் பெட்டியோடு சேர்ந்திருந்தால் அது பொசிற்றிவ் செற்.

இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் மூன்று வழி உண்டு. முதலாவது, ஏர்த்தை மாற்றுகிற பிளக்கோ சுவிச்சோ உள்ள செற்றாகத் தேடுவது. அறுபதுகளின் பல செற்றுகளில் அது இருக்கிறது, நான் முதலிலேயே அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது, காரைப் பழையபடி பொசிற்றிவ் ஆக்குவது. டைனமோ உள்ள காரில் மட்டும் இதைச் செய்யலாம்: பற்றறியைத் திருப்பி, கொயில் வயர்களை மாற்றி, டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு அதன் எஃப் முனையில் பற்றறிக் கரண்டை ஒரு கணம் தொட்டு எடுத்தால் அது புதுப் பக்கத்தைப் பழகிவிடும். அல்ரனேற்றர் உள்ள காரில் பற்றறியைத் திருப்பினால் உள்ளே டயோட்டுகள் வெந்துபோகும். மூன்றாவது, உள் பக்கமும் வெளிப் பக்கமும் தொடர்பில்லாத 12 வோல்ற் கொன்வேட்டர். வாங்க முதல் அதன் இரண்டு மைனஸ் வயர்களுக்கும் இடையில் மீற்றரை வைத்துப் பாருங்கள். தொடர்பு காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வால்வு செற்றை வாங்கிய அன்றே போடுவது

வால்வுக்கு இருநூறு வோல்ற் அளவில் வேண்டும். 12 வோல்ற்றை அப்படி உயர்த்த உள்ளே வைபிரேற்றர் என்று ஒரு சாமான் துடித்துக்கொண்டிருக்கும். நல்ல செற் சுவிச் போட்டதும் வண்டுபோல முரலும். சத்தமே இல்லை என்றால் அதன் முனைகள் கறுத்து ஒட்டியிருக்கின்றன. ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் பஃபர் கப்பாசிற்றர் ஒன்று இருக்கும். வேறு எதைத் தொடாவிட்டாலும் அதை மாற்றிய பிறகே கரண்ட் கொடுங்கள். அது ஒழுகினால் வைபிரேற்றரையும் ரான்ஸ்போமரையும் சேர்த்துக் கொண்டுபோகும், அவை இரண்டும் இந்த நாட்டில் தேடிக் கிடைக்கிற சாமான் அல்ல. வைபிரேற்றரில் பிளஸ் மைனஸ் பார்க்கிற வகையும் உண்டு, ஆகவே மேலே சொன்ன ஏர்த் கதை வால்வு செற்றுக்கும் பொருந்தும்.

ஸ்பீக்கர் இல்லாமல் போட்டுப் பார்ப்பது

கூடாது. ஸ்பீக்கர் வயரில் ஒன்றைக் காரின் இரும்பில் பூட்டுவதும் கூடாது.

டாஷ்போட்டை வெட்டுவது

மைனர் 1000இல் நடுவே வேகமானி நிற்கிறது. றேடியோ சாமான் தட்டுக்குக் கீழே தொங்கும். வெட்டாதீர்கள்.

இரைச்சலுக்கு றேடியோவைக் கழுவி ஊற்றுவது

என்ஜின் ஓடும்போது மட்டும் கரகர என்றால் குற்றம் றேடியோவில் இல்லை. டைனமோவின் தடித்த வயர் வருகிற டி முனைக்கும் இரும்புக்கும் இடையில் இரைச்சலை அடக்குகிற 1 மைக்ரோபரட் சப்பிரெசர் ஒன்று, கொயிலின் எஸ்டபிள்யூ முனையில் இன்னொன்று. டைனமோவின் எஃப் முனையிலும் கொயிலின் சிபி முனையிலும் போடக்கூடாது. முதலாவதில் சார்ஜ் ஒழுங்கு கெடும், இரண்டாவதில் என்ஜின் அடிக்காது. பிளக் வயரில் றெசிஸ்ரர் உள்ள கப் போட்டால் மிச்ச இரைச்சலும் அடங்கும்.

பகலில் போட்டுப் பார்த்து "செத்துப்போச்சு" என்பது

தமிழ் நிலையங்களை இப்போது எஃப்எம்மில்தான் கேட்கிறோம். மீடியம் வேவ் செற் பகலில் பெரும்பாலும் இரைந்துகொண்டுதான் இருக்கும். இருட்டிய பிறகு தூரத்து நிலையங்கள் வந்து ஏறும், அப்போது சோதியுங்கள். டயலில் 200 மீற்றருக்குக் கிட்ட மெலிந்து கேட்கிற நிலையம் ஒன்றைப் பிடித்து, ஏரியல் துளைக்குப் பக்கத்தில் உள்ள திருகைச் சத்தம் கூடும்வரை மெதுவாகத் திருப்புங்கள். ஏரியல் வயரின் நீளம் மாறினால் இதைத் திரும்பவும் செய்யவேண்டும். கல்யாணத்துக்குப் பாட்டுத்தான் வேண்டும் என்றால் சின்ன எஃப்எம் சேர்க்கிற் போட் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, அதன் சத்தத்தை வொலியூம் கொன்றோலில் கொடுக்கலாம். வெளியில் ஒன்றும் தெரியாது. கழற்றினால் பழையபடி ஆகிவிடும்.

மல்லாவித் தம்பியின் காரில் அன்றைக்கு மீற்றரை வைத்தேன். நெகற்றிவ் ஏர்த். றேடியோவின் தகட்டில் பொசிற்றிவ். சைக்கிள் ரியூப் இருக்கிறதா அண்ணை என்று அவர் கேட்டார். றேடியோவைப் பைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். முதல் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாட்டில்லாமல்தான் போனார்.