கப் அளவை கிராமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கப் என்றால் 250 கிராம் என்று எங்காவது குறித்து வைத்திருந்தால், முதலில் அதை அடித்துவிடுங்கள். தென்னாப்பிரிக்கக் கடைகளில் வாங்கும் அளவுக் கப்பில் போட்டிருக்கும் 250, மில்லிலிட்டர். தண்ணீருக்குத்தான் அது 250 கிராம். அதே கப் நிறைய கேக் மாவு எடுத்தால் 130 கிராம் அளவில் நிற்கும். சர்க்கரை 210, எண்ணெய் 230, கோல்டன் சிரப் 350 வரை போகும். உலர்ந்த தேங்காய்த் துருவல் நூறைக்கூட எட்டாது.

அதிகம் கெடுவது மாவில்தான். தீபாவளி நெருங்கும்போது டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் தட்டுத் தட்டாக நான்கட்டாய் பிஸ்கட் சுடுவார்கள். ஆயாவின் நோட்டில் ‘மாவு 4 கப்’ என்று இருக்கும். சலித்த மாவைக் கரண்டியால் கப்பில் போட்டுக் கத்தியின் முதுகால் வழித்தால்தான் அந்த 130 கிராம். மாவுப் பைக்குள்ளேயே கப்பை விட்டு அள்ளி, ஒரு தட்டுத் தட்டினால் 150ஐச் சுலபமாகத் தாண்டும். நாலு கப்புக்கு 80 கிராம் கூடிவிடும். அது அரை கப்புக்கும் மேல். நெய் மட்டும் பழைய அளவிலேயே இருப்பதால் மாவு உதிரும், உருண்டை பிடிக்க வராது, சுட்டெடுத்ததும் வெடித்துப் போகும். அதனால் நோட்டுக்குரியவர் வீட்டில் இருந்தால் எந்த அட்டவணையையும் தேடாதீர்கள். அவர் கப்பை அவர் கையிலேயே கொடுத்து, வழக்கம்போல அள்ளச் சொல்லித் தராசில் கொட்டுங்கள். இரண்டு மூன்று தடவை நிறுத்துச் சராசரியை நோட்டில் எழுதுங்கள். அந்தக் கப் பழைய டீ கப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த வீட்டுப் பலகாரத்துக்கு அதுதான் சரியான அளவு.

‘சலித்த மாவு ஒரு கப்’ வேறு, ‘ஒரு கப் மாவைச் சலிக்கவும்’ வேறு. இரண்டாவதில் எடை கூடும்.

அமெரிக்கக் குறிப்பு என்றால் கப் 237 மில்லிலிட்டர். பழைய இங்கிலாந்துக் குறிப்புகளில் 284ஆகவும் இருக்கும். வெண்ணெய் ஒரு ‘ஸ்டிக்’ என்றால் 113 கிராம். நம் 500 கிராம் கட்டியை அதோடு குழப்ப வேண்டாம். இன்னொன்றும் உண்டு: நம் கடைக் கேக் மாவு அன்றாடம் எல்லாவற்றுக்கும் புழங்கும் மாவு, அமெரிக்கக் கேக் மாவோ அதைவிட மென்மையானது. அவர்கள் அட்டவணையில் ‘கேக் மாவு’ என்ற வரியைப் பார்த்து நம் மாவை நிறுத்தால் குறைந்துவிடும். அவர்களுடைய சாதாரண மாவுக்கான வரியைப் பாருங்கள்.

புரட்டாசியில் முட்டையில்லாத கேக் செய்கிறவர்கள் கண்டென்ஸ்டு மில்க் டின்னைக் கவனிக்க வேண்டும். அதில் உள்ள 385 என்பது கிராம், மில்லிலிட்டர் அல்ல. பால் கெட்டியாக, கனமாக இருப்பதால் டின்னில் இருப்பது 300 மில்லிலிட்டர்தான். ஒரு டின் ஒன்றரை கப் என்று கணக்குப் போட்டு, குறைகிற அளவுக்கு இரண்டாவது டின்னை உடைத்தால் கேக் நடுவில் வேகாது.

ஜொகானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கடலோரத்து டர்பனில் சரியாக வந்த கேக் அங்கே பொங்கி அமுங்கினால், உடனே மாவின் எடையைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் பேக்கிங் பவுடரைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள்.

அந்தப் பேக்கிங் பவுடர், சோடா உப்பு, ஏலப்பொடி எல்லாவற்றையும் கிராமாக மாற்றவே வேண்டாம். ஒரு கிராம் வரை மட்டும் காட்டும் வீட்டுத் தராசில் இரண்டு கிராம் என்பது ஒன்றரையாகவும் இருக்கும், இரண்டரையாகவும் இருக்கும். அவற்றுக்கு 5 மில்லிலிட்டர் தேக்கரண்டியைத் தலைவழித்து எடுப்பதே நம்பகமான அளவு.