உணவகக் கொழுப்பு விதிகள்: கடைக்காரரும் வாடிக்கையாளரும் செய்யும் தவறுகள்

கோவையிலும் திருப்பூரிலும் மாலை நான்கு மணிக்கு டீயுடன் பப்ஸோ தேங்காய் பன்னோ சாப்பிடாதவர்கள் குறைவு என்பதால், உணவகக் கொழுப்பைக் கட்டுப்படுத்தும் விதிகளை மற்றவர்களைவிட நாம்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

டால்டா என்று நாம் அழைக்கும் வனஸ்பதிக்கு, அதாவது ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கிய தாவர எண்ணெய்க்கு, தடை வந்துவிட்டது என்று பலர் நம்புவது முதல் தவறு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரம்புதான் விதித்தது. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயை அப்படிக் கெட்டியாக்கும்போது உருவாகி, இதயத்துக்குக் கேடு செய்வது) 2021-இல் 3 விழுக்காட்டுக்கும், 2022 ஜனவரி முதல் 2 விழுக்காட்டுக்கும் மிகக் கூடாது. அவற்றைச் சேர்த்துச் செய்யும் உணவுக்கும், அதிலுள்ள மொத்தக் கொழுப்பைக் கணக்கிட்டு, இதே 2 விழுக்காடு பொருந்தும். ஆகவே லேபிள் இல்லாத டால்டாவை உதிரியாக வாங்கும் பேக்கரிக்காரர், தாம் வரம்பை மீறுவதை அறியாமலேயே மீறக்கூடும். டிரான்ஸ் கொழுப்பு குறைந்தால் பண்டம் நல்லதாகிவிடும் என்று எண்ணுவதும் சரியன்று. வனஸ்பதிக்கு மாற்றாக வரும் பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு; அதுவும் அளவு மீறினால் இதயத்துக்கு நல்லதன்று.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது பொரித்த எண்ணெய்தான். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. காளான் வண்டியில் சட்டியின் விளிம்பைப் பாருங்கள்: பிசின்போல ஒட்டிய பழுப்புப் படலமும், மாவு போட்டதும் பொங்கி அடங்க மறுக்கும் நுரையும், மிதமான தீயிலேயே எழும் புகையும் எண்ணெய் கெட்டதற்கான அடையாளங்கள். நிறத்தை மட்டும் நம்ப முடியாது, ஏனெனில் மசாலாவாலும் எண்ணெய் கறுக்கும்.

பழைய எண்ணெயின்மேல் புதியதை ஊற்றினால் சரியாகிவிடும் என்பது கடைக்காரர்களிடம் வேரூன்றிய பழக்கம். ஆனால் அடியில் இருப்பது புதியதையும் விரைவில் கெடுத்துவிடுகிறது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்க்கும் இதில் விலக்கு இல்லை.

நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பயன்படுத்தும் கடைகள் பொரித்த எண்ணெய்க்குக் கணக்கு வைக்க வேண்டும். மீந்ததைச் சாக்கடையில் கொட்டுவதும், அதைவிட மோசமாக, சின்னக் கடைகளுக்கு விலை குறைத்து விற்பதும் தவறு. கேனில் சேர்த்து, பயோடீசலுக்காக எடுத்துச்செல்லும் அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.